திட்ட மேலாண்மைச் செயலிகளை இணைத்தல்: பணிப்பதிவு ஒத்திசைவில் அடையாளமும் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரே திட்டத்தில் ஈடுபட்டிருப்போர் வெவ்வேறு மேலாண்மைச் செயலிகளைப் பயன்படுத்தும்போது, ஒரு பணியைக் குறித்த செய்தி இரண்டு இடங்களில் பதிவாகிறது. அவ்விரு பதிவுகளையும் தானியக்கமாக ஒத்திசைப்பது வெறும் படியெடுத்தல் அன்று. எந்தச் செய்திக்கு எந்தச் செயலி உரிமையுடையது, எவ்விரண்டை ஒன்றெனக் கொள்வது என்னும் இரு வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணும் செயல் அது. ட்ரெல்லோ, கிட்ஹப் ஆகியவற்றை இணைக்கும் முறையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது. தமிழில் எழுதப்படும் பணித்தலைப்புகள் யூனிகோடு குறியேற்றத்தின் இயல்பால் ஒத்திசைவில் தோற்றுவிக்கும் சிக்கல் தனியே விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒத்திசைவு, திட்ட மேலாண்மை, வெப்ஹூக், எதிரொலிச் சுழல், மும்முனை ஒப்பீடு, யூனிகோடு இயல்பாக்கம்.

முன்னுரை

கணினி நிரலாளர்களும் நிரலாளர் அல்லாதோரும் சேர்ந்து இயங்கும் குழுக்களில் இரு செயலிகள் அருகருகே வழங்குவது இயல்பாகிவிட்டது. நிரலாளர் கிட்ஹப்பில் தம் பணிகளை 'இஷ்யூ' என்னும் பதிவுகளாக வைத்துக்கொள்கின்றனர். மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், வடிவமைப்பாளர் ஆகியோர்க்கு ட்ரெல்லோவின் பலகையும் அட்டையும் எளிதாக இருக்கின்றன. ட்ரெல்லோவை ஃபாக் கிரீக் சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-இல் வெளியிட்டது. 2002 முதல் ஜிராவை வழங்கிவரும் அட்லாசியன் நிறுவனம் 2017-இல் அதனை வாங்கியது. ஒரே நிறுவனத்தின் கீழ் வந்த பின்னரும் ட்ரெல்லோவும் ஜிராவும் தனித்தனிச் செயலிகளாகவே நீடிப்பது, எல்லாரையும் ஒரே செயலிக்குள் கொண்டுவருதல் எளிதன்று என்பதைக் காட்டும்.

இந்நிலையில் குழுக்கள் முதலில் நாடுவது ஒருவரை அமர்த்தி இரண்டு இடங்களிலும் பதிவுசெய்விப்பதை. சில வாரங்களில் அவர் சோர்ந்துவிடுகிறார். பதிவுகள் முரண்படத் தொடங்குகின்றன. அடுத்து நாடுவது தானியக்க இணைப்பை. ஒரு செயலியில் ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்றில் இன்னது செய்க என்னும் விதிகளை நிரல் எழுதாமலே அமைக்க ஸேப்பியர் போன்ற சேவைகள் உதவுகின்றன. தேவை கூடியவிடத்துக் குழுக்கள் தாமே சிறு நிரல் எழுதிக்கொள்கின்றன. இவ்விரு வகையையும் இக்கட்டுரை 'இணைப்பி' என்னும் பொதுச்சொல்லால் சுட்டுகிறது. மனிதர் பதிவுசெய்தபோது நேர்ந்த பிழை கண்ணுக்குத் தெரிந்தது. இணைப்பி செய்யும் பிழையோ ஓசையின்றி நூற்றுக்கணக்கான பதிவுகளில் ஒரே நேரத்தில் நிகழ்வது. ஆதலின் அதன் உள்ளியக்கத்தை அறிந்துகொள்வது நிரலாளர்க்கு மட்டும் உரிய தேவையன்று.

பணி என்னும் பொருளின் இருவேறு வடிவங்கள்

ட்ரெல்லோவில் ஒரு பணியின் நிலை என்பது அதன் அட்டை எந்தப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது என்பதே. 'தொடங்கவில்லை', 'மொழிபெயர்ப்பில்', 'மெய்ப்பில்', 'முடிந்தது' எனக் குழு விரும்பிய அளவில் பட்டியல்களை வகுத்துக்கொள்ளலாம். கிட்ஹப் இஷ்யூவுக்கு அடிப்படையில் திறந்தது, மூடியது என்னும் இரு நிலைகளே உண்டு. மூடியதற்கான காரணத்தை, நிறைவேறியது என்றோ செய்வதற்கில்லை என்றோ, குறிக்கும் வசதி 2022-இல் சேர்ந்தது. நான்கு பட்டியல்களை இரண்டு நிலைகளுக்கு ஒதுக்குவது எளிது: முதல் மூன்றும் திறந்தவை, நான்காவது மூடியது. திரும்பி வரும் வழிதான் கடினம். மூடிய இஷ்யூ ஒன்றை ஒருவர் மீண்டும் திறந்தால், அட்டை எந்தப் பட்டியலுக்குப் போக வேண்டும்? அதற்கான விடை கிட்ஹப்பில் இல்லை. அட்டை முன்பு இருந்த பட்டியலை இணைப்பியே நினைவில் வைத்திருந்தாலன்றி, மெய்ப்பில் நின்ற பணி தொடக்கத்துக்குத் தள்ளப்படும்.

பலவற்றை ஒன்றாகச் சுருக்கிக் காட்டிவிட்டு, சுருக்கத்தில் செய்த மாற்றத்தை மூலத்துக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்பது தரவுத்தள ஆய்வில் நெடுங்காலமாகப் பேசப்படும் சிக்கல். பெஞ்சமின் பியர்ஸும் அவருடன் பணியாற்றியோரும் 2005-ஆம் ஆண்டளவில் 'லென்ஸ்' என்னும் கருத்தாக்கத்தின் வழி இதற்கு இரண்டு எளிய விதிகளை வகுத்தனர். சுருக்கத்தை எடுத்து மாற்றாமல் திருப்பி வைத்தால் மூலம் மாறக் கூடாது என்பது ஒன்று. மாற்றிய சுருக்கத்தை மூலத்தில் வைத்து மீண்டும் எடுத்தால் வைத்ததே கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நடைமுறையில் உள்ள இணைப்பிகள் பல இவ்விரண்டையும் மீறுகின்றன. கிட்ஹப் இஷ்யூவின் விளக்கப்பகுதி 65,536 எழுத்துருக்கள் வரை நீளலாம். ட்ரெல்லோ அட்டையின் விளக்கத்துக்கு 16,384 எழுத்துருக்களே எல்லை. நீண்ட இஷ்யூ ஒன்று வெட்டப்பட்டு அட்டையில் ஏறுகிறது. பின்னர் ஒருவர் அட்டையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துகிறார். இணைப்பி அந்த விளக்கத்தைத் திருத்தப்பட்ட புதிய வடிவம் எனக் கொண்டு கிட்ஹப்புக்கு அனுப்புகிறது. மூலத்தின் பிற்பகுதி முழுவதும் அழிந்துபோகிறது. திருத்தியவர் அழிவை அறியார். எழுதியவர் அழித்தவரை அறியார்.

நாள் குறிப்பதிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ட்ரெல்லோ கெடுநாளை உலகப் பொதுநேரத்தில் மணி, நிமிடத்துடன் சேமிக்கிறது. கிட்ஹப் புராஜெக்ட்ஸ் பகுதியின் நாட்புலத்தில் நாள் மட்டுமே உண்டு. இந்திய நேரப்படி மார்ச் 15 காலை 5 மணி என்பது பொதுநேரத்தில் மார்ச் 14 இரவு 11.30 ஆகும். மணியை வெட்டிவிட்டு நாளை மட்டும் எடுக்கும் இணைப்பி, கெடுநாளை ஒருநாள் முன்னதாகக் காட்டும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நேரம் வழங்குவதால் அங்கிருந்து பணியாற்றுவோரிடையே நேரப்பிழை எழாது எனக் கருதுவது தவறு. பிழை மனிதர்க்கிடையே அன்று, செயலிக்கும் செயலிக்கும் இடையே நிகழ்கிறது.

அறிவிப்பும் வினவலும்

மாற்றம் நிகழ்ந்ததை இணைப்பி இரு வழிகளில் அறியும். குறித்த இடைவெளியில் செயலியிடம் தானே சென்று கேட்பது வினவல். மாற்றம் நிகழ்ந்தவுடன் செயலியே இணைப்பியின் முகவரிக்குச் செய்தி அனுப்புவது வெப்ஹூக். இரண்டாவது முறை விரைவானது. எனவே அதுவே போதும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது.

அவ்வெண்ணம் பொருந்தாது. கிட்ஹப் அனுப்பும் அறிவிப்புக்குப் 10 நொடிக்குள் விடை கிடைக்காவிடில் அவ்வனுப்புதல் தோல்வியெனக் குறிக்கப்படும். அதைக் கிட்ஹப் தானாக மீண்டும் அனுப்புவதில்லை. ட்ரெல்லோ சிலமுறை மீண்டும் அனுப்பும். ஆக, ஓரிடத்தில் அறிவிப்பு தொலையக்கூடும். மற்றோரிடத்தில் ஒரே அறிவிப்பு இருமுறை வரக்கூடும். வரிசை மாறி வருவதும் உண்டு. ஆதலால் அறிவிப்பில் உள்ள செய்தியை அப்படியே எழுதிவிடாமல், 'இந்தப் பதிவில் ஏதோ மாறியுள்ளது' என்பதற்கான குறிப்பாக மட்டும் அதனைக் கொண்டு, பதிவின் இப்போதைய நிலையைச் செயலியிடமே கேட்டுப் பெறுவது தக்கது. கிட்ஹப் ஒவ்வோர் அனுப்புதலுக்கும் தனி அடையாள எண் தருவதால், ஒருமுறை செயல்படுத்திய அறிவிப்பை மீண்டும் செயல்படுத்தாமல் தவிர்க்கலாம். தொலைந்தவற்றைக் கண்டறிய நாளுக்கு ஒருமுறையேனும் முழுச் சரிபார்ப்பு நிகழ்த்த வேண்டும். அப்போது ஒரு நுணுக்கத்தை மறத்தலாகாது: கிட்ஹப்பிடம் இஷ்யூக்களின் பட்டியலைக் கேட்டால், நிரல்மாற்ற வேண்டுகோள்களான புல் ரிக்வெஸ்ட்களும் அப்பட்டியலில் கலந்தே வரும். பிரித்தெடுக்காத இணைப்பி முதல் நாளிலேயே பலகையைத் தேவையற்ற அட்டைகளால் நிரப்பிவிடும்.

வினவல்களுக்கு உச்சவரம்பும் உண்டு. கிட்ஹப்பில் டோக்கன் வழி வினவுவோர்க்கு மணிக்கு 5,000. ட்ரெல்லோவில் ஒரு டோக்கனுக்கு 10 நொடிக்கு 100. சிறு குழுக்களுக்கு இவை போதுமானவை.

எதிரொலிச் சுழல்

இருவழி இணைப்பின் முதன்மையான இடர் எதிரொலி. ட்ரெல்லோவில் தலைப்பு மாறுகிறது; இணைப்பி அதைக் கிட்ஹப்பில் எழுதுகிறது; அவ்வெழுத்தே கிட்ஹப்பில் ஒரு மாற்றமாகப் பதிவாகி அறிவிப்பாகத் திரும்புகிறது. இணைப்பி அதனைப் புதிய செய்தியெனக் கொண்டால் ட்ரெல்லோவில் மீண்டும் எழுதும். மதிப்புகள் இரண்டும் ஒன்றாக இருப்பின் ஒரு சுற்றில் அடங்கிவிடும். இணைப்பி ஒவ்வொரு முறையும் விளக்கத்தின் அடியில் 'மூலப்பதிவின் முகவரி' என ஒரு வரி சேர்க்குமாயின் அடங்காது. வரி சேரும், அது மாற்றமாகும், மறுபக்கத்தில் இன்னொரு வரி சேரும். குழுவினர் ஒவ்வொருவர்க்கும் மின்னஞ்சல் வந்து குவிந்த பின்னரே ஒருவர் இணைப்பியை நிறுத்துவார்.

இதனைத் தடுக்க வழக்கமாகக் கையாளும் முறை, மாற்றத்தைச் செய்தவர் யார் எனப் பார்த்தல். இரு செயலிகளும் அறிவிப்பிலேயே செய்தவரின் அடையாளத்தைத் தருகின்றன. செய்தவர் இணைப்பியின் கணக்கு எனில் புறக்கணிக்கலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தன்னளவில் இவ்விதியைக் கடைப்பிடிக்கிறது: அதன் உள்ளமைந்த டோக்கனைக் கொண்டு செய்யப்படும் மாற்றங்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, புதிய இயக்கம் எதனையும் தூண்டுவதில்லை. சுழலைத் தவிர்ப்பதற்கென்றே வைக்கப்பட்ட ஏற்பாடு இது.

ஆனால் பெரும்பாலான சிறு குழுக்களில் இணைப்பிக்கெனத் தனிக் கணக்கு இருப்பதில்லை. குழுத்தலைவர் தம் சொந்த டோக்கனையே இணைப்பிக்குத் தந்துவிடுகிறார். அதன் விளைவு வேடிக்கையானது, ஆயினும் கொடியது. தலைவர் தாமே கையால் செய்யும் மாற்றங்களையும் இணைப்பி தன் மாற்றமெனக் கருதிப் புறக்கணிக்கும். குழுவில் எல்லாருடைய மாற்றங்களும் மறுபக்கம் சென்று சேரும், தலைவருடையவை மட்டும் சேரா. ஒத்திசைவு ஒழுங்காக நடப்பதைப் பிறர் காண்பதால் தலைவரின் முறையீட்டை எவரும் எளிதில் நம்புவதுமில்லை. எனவே செய்தவரைப் பார்ப்பதோடு மதிப்பையும் ஒப்பிடுதல் இன்றியமையாதது. இணைப்பி தான் கடைசியாக எழுதிய மதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு, வந்த மதிப்பு அதனின் வேறாயின் மட்டுமே செயல்பட வேண்டும்.

தமிழ்த் தலைப்புகளும் சமத்துவமும்

மதிப்புகளை ஒப்பிடுதல் என்றவுடன் எழும் வினா, இரு எழுத்துத்தொடர்கள் எப்போது ஒன்று என்பது. ஆங்கிலத் தலைப்புகளில் இவ்வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. தமிழில் எழுகிறது.

'தொகுப்பு' என்னும் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ளலாம். யூனிகோடில் ஒகர உயிர்க்குறி ஒரே குறியீடாக, பதின்ம எண்ணில் 3018 என, இடம்பெற்றுள்ளது. அதையே எகரக் குறி 3014, ஆகாரக் குறி 3006 என்னும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். யூடிஎஃப்-8 முறையில் முதல் வடிவம் தகர மெய்யோடு சேர்த்து 6 பைட்டுகள், இரண்டாவது 9 பைட்டுகள். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதுவே நிலை. யூனிகோடு தரம் இவ்விணைகளைச் சமமானவை என்றே வரையறுத்துள்ளது. அவற்றை ஒருவடிவமாக்கும் இயல்பாக்க முறைகளையும் தந்துள்ளது. சேர்த்த வடிவம் என்எஃப்சி எனவும் பிரித்த வடிவம் என்எஃப்டி எனவும் பெயர்பெறும். எனினும் பெரும்பாலான நிரல்மொழிகளில் உள்ள சாதாரணச் சமக்குறி இவ்வியல்பாக்கத்தைச் செய்வதில்லை. குறியீடுகளை அப்படியே ஒப்பிட்டு 'வேறு' என்று விடை தரும்.

பிரித்த வடிவம் எங்கிருந்து வருகிறது? குறிகளைத் தனித்தனியே உள்ளிடும் விசைப்பலகைகளிலிருந்து வரலாம். ஆப்பிள் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப்பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது; அக்கோப்புப்பெயரைப் படியெடுத்துப் பணித்தலைப்பாக ஒட்டினால் அங்கிருந்தும் வரும். இனி, தலைப்பு ட்ரெல்லோவுக்கே உரியது என்றும், அங்கே அது பிரித்த வடிவில் உள்ளது என்றும், இடையில் உள்ள ஏதேனும் ஒரு நிரல் அதைச் சேர்த்த வடிவமாக்கிக் கிட்ஹப்பில் எழுதுகிறது என்றும் கொள்வோம். ஒவ்வொரு சரிபார்ப்பிலும் இரு தலைப்புகளும் வேறாகத் தோன்றும், இணைப்பி ஒவ்வொரு முறையும் எழுதும், ஒருபோதும் ஒன்றாகா. தலைப்பைக் கொண்டே எந்த அட்டைக்கு எந்த இஷ்யூ என அறியும் இணைப்பியாயின் நிலை இன்னும் மோசம். இணை கிடைக்கவில்லை எனக் கருதிப் புதிய பதிவு ஒன்றை உருவாக்கிவிடும். பலகையில் ஒரே பெயருடைய அட்டைகள் இரண்டு நிற்கும். பார்ப்பவர் யாரோ தவறுதலாக இருமுறை எழுதியதாக எண்ணி ஒன்றை நீக்குவார்.

ஒப்பிடும்முன் இரண்டையும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவருவது இதற்குத் தீர்வு. சேமித்த மூலத்தை மாற்ற வேண்டுவதில்லை; ஒப்பீட்டுக்கு மட்டும் போதும். ஆயினும் இயல்பாக்கம் தீர்க்காத வேறுபாடுகளும் தமிழில் உள்ளன. ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு மாற்றாக ளகரத்தையே தட்டச்சிடும் பழக்கம் பரவலானது. கண்ணுக்கு ஒன்றாயினும் யூனிகோடு அவற்றை வேறெழுத்துகளாகவே கொள்ளும். ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தின் முதலெழுத்தாக 3000 என்னும் ஸகரமும், 2005-இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த 2998 என்னும் ஶகரமும் வழங்குகின்றன. இவையும் இயல்பாக்கத்தால் ஒன்றாவதில்லை. ஆதலின் தலைப்பை அடையாளமாகக் கொள்வதை அறவே விடுத்து, செயலிகள் தரும் அடையாள எண்களைத் தனி அட்டவணையில் இணைத்து வைப்பதே உறுதியான வழி. அங்கும் எந்த எண் என்பதில் கவனம் வேண்டும். பலகைக்குள் ட்ரெல்லோ வழங்கும் சிறு வரிசையெண், அட்டை வேறு பலகைக்குச் சென்றால் மாறிவிடும். அட்டையின் நீண்ட உள் அடையாளம் மாறாது.

மோதலும் உரிமையும்

இரு பக்கத்திலும் மாற்றம் நிகழ்ந்தால் எதனைக் கொள்வது? 'பிந்தியதே வெல்லும்' என்பது பெரும்பான்மை இணைப்பிகளின் விதி. பிந்தியது எது என்று அறிவது தோன்றுமளவு எளிதன்று. தனித்தனிக் கணினிகளின் கடிகாரங்களைக் கொண்டு நிகழ்வுகளின் முன்பின்னை உறுதிசெய்ய இயலாமையை லெஸ்லி லாம்போர்ட் 1978-ஆம் ஆண்டின் தம் கட்டுரையில் விளக்கினார். பணிச்செயலிகளில் இடர்ப்பாடு அத்துணை நுட்பமானதாகக்கூட இருப்பதில்லை. கிட்ஹப் இஷ்யூவின் 'கடைசியாக மாறிய நேரம்' ஒரு கருத்துரை சேர்ந்தாலும் மாறும். ட்ரெல்லோ அட்டையின் கடைசிச் செயல்நேரமும் அத்தகையது. காலை 10 மணிக்கு ஒருவர் ட்ரெல்லோவில் தலைப்பைத் திருத்துகிறார். 10.05-க்கு இன்னொருவர் கிட்ஹப்பில் 'பார்த்துவிட்டேன்' எனக் கருத்துரை இடுகிறார். முழுப்பதிவையும் நேரத்தால் ஒப்பிடும் இணைப்பி, கிட்ஹப்பின் பதிவே பிந்தியது என முடிவுசெய்து, அதன் பழைய தலைப்பை ட்ரெல்லோவின் புதிய தலைப்பின்மேல் எழுதிவிடும்.

இதற்கு மாற்று மும்முனை ஒப்பீடு. கடைசியாக ஒத்திசைந்தபோது இருந்த மதிப்பை இணைப்பி வைத்திருக்க வேண்டும். அம்மதிப்பினின்று எந்தப் பக்கம் விலகியதோ அதுவே மாறிய பக்கம். ஒரு பக்கம் மட்டும் விலகியிருப்பின் நேரத்தைப் பார்க்கவே வேண்டுவதில்லை. இரு சுவடிகளின் பாடங்கள் வேறுபடும்போது, அவ்விரண்டுக்கும் மூலமான சுவடி கிடைத்தால் எது திருந்தியது, எது திரிந்தது என எளிதில் முடிவுசெய்யலாம் என்பதைப் பதிப்பாய்வில் பயின்றோர் அறிவர். மூலச்சுவடி இல்லாதபோது பழமையை மட்டும் கொண்டு பாடத்தைத் தேர்வதில் உள்ள ஐயமே, 'பிந்தியதே வெல்லும்' என்னும் விதியிலும் தலைகீழாக உள்ளது.

இரு பக்கமும் உண்மையிலேயே விலகியிருந்தால் எந்த விதியும் ஒருவருடைய உழைப்பை அழித்தே தீரும். இந்நிலையைத் தவிர்க்க, புலந்தோறும் ஒரு செயலிக்கே உரிமை வழங்கிவிடுதல் நன்று. தலைப்பும் கெடுநாளும் ட்ரெல்லோவுக்கு உரியவை. மூடுதலும் திறத்தலும் கிட்ஹப்புக்கு உரியவை. கருத்துரைகள் அவ்வவற்றில் பிறந்த இடத்திலேயே நிற்கும் எனக் குழு முடிவுசெய்துகொள்ளலாம். அவ்வாறு செய்தால் இருவழி இணைப்பு எனப்பட்டது, எதிரெதிர்த் திசையில் செல்லும் சில ஒருவழி இணைப்புகளாகப் பிரிந்துவிடும். இருவழி ஒத்திசைவு வேண்டும் என்று கேட்போருள் பெரும்பாலோர்க்கு உண்மையில் தேவைப்படுவது இதுவே. இம்முடிவைக் கருவி எடுக்காது. யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் குழுவே பேசித் தீர்க்க வேண்டியிருப்பதால்தான் பல குழுக்கள் அதனைத் தவிர்த்துவிட்டு, கருவியின் இயல்பிருப்பு விதியிடம் பொறுப்பை விட்டுவிடுகின்றன.

நீக்கம்

ஒத்திசைவில் மீட்க முடியாத இழப்பு நேர்வது நீக்கத்தில். ட்ரெல்லோவில் அட்டையைக் காப்பகத்துக்கு அனுப்பலாம், அல்லது அடியோடு நீக்கலாம். கிட்ஹப்பில் மூடுதல் பலர்க்கும் இயலும். நீக்குதல் நிர்வாக உரிமையுடையார்க்கே இயலும். ஆகவே நீக்கத்தை மறுபக்கத்தில் நீக்கமாகவே செயல்படுத்தாமல், காப்பகமாகவோ மூடலாகவோ மாற்றி அனுப்புவது பாதுகாப்பானது.

அதனினும் கருத வேண்டியது, ஒரு பதிவு இல்லை என்பதை இணைப்பி எவ்வாறு அறிகிறது என்பது. கிட்ஹப்பின் தனிப்பட்ட களஞ்சியத்தில் இல்லாத இஷ்யூவைக் கேட்டால் 404 என்னும் விடை வரும். அதனைக் காண உரிமை இல்லாதவர் கேட்டாலும் வருவது அதே 404 தான். களஞ்சியம் இருப்பதைப் பிறர்க்கு வெளிப்படுத்தாமல் இருக்க அவ்வாறு வகுத்துள்ளனர். குழுவைவிட்டு ஒருவர் விலகுகிறார். அவருடைய உரிமைகள் அன்று மாலை நீக்கப்படுகின்றன. இணைப்பி இயங்குவதோ அவருடைய டோக்கனில். இரவுச் சரிபார்ப்பில் எல்லா இஷ்யூக்களுக்கும் 404 வருகிறது. அதனை 'நீக்கப்பட்டது' எனப் படிக்கும் இணைப்பி, காலைக்குள் பலகையின் அட்டைகள் அனைத்தையும் நீக்கி முடித்திருக்கும்.

இதற்கான தடுப்புகள் எளியவை. பதிவைக் கேட்கும்முன் களஞ்சியத்தையே காண முடிகிறதா எனச் சோதித்து, முடியாவிடில் நின்றுவிடுதல். ஒரு சரிபார்ப்பில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் நீக்கம் நேருமாயின் எதனையும் செய்யாமல் ஒரு மனிதர்க்கு அறிவித்தல். இணைப்பிக்கெனத் தனிக் கணக்கும் அதற்கு வேண்டிய அளவே உரிமையும் வழங்கி, அக்கணக்கின் பொறுப்பாளர் இருவரின் பெயர்களைக் குழுவின் ஆவணத்தில் எழுதிவைத்தல். இவற்றுள் முதலிரண்டும் நிரலில் சில வரிகளே. மூன்றாவதற்கு நிரல் தேவையில்லை. ஒருவர் விலகும் நாளுக்குமுன் அது செய்யப்பட்டிருக்க வேண்டும்.